நான் வாசித்துக் காட்டிய ஒப்புரவுக் கடிதம்

அப்பத்துண்டு என் கையில் விழுந்தது. எனக்கு அடுத்து அவள். இரண்டு கையையும் ஏந்தியபடி முழங்காலில் இருந்தாள். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. போதகர் அவள் முன்னால் நிற்கவே இல்லை. ஒரு எட்டு தள்ளிப் போய், அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணின் கையில் அப்பத்தை வைத்தார். தவறிப்போய் விட்டிருப்பார், திரும்பி வருவார் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், ஏந்திய கையை இறக்கவில்லை. பிறகு திராட்சரசக் கிண்ணம் வந்தது. அதுவும் அவளைத் தாண்டிப் போனது. எங்கள் வரிசை முழுக்க எழுந்த பிறகும் அவள் எழவில்லை. நான்தான் முழங்கையைப் பிடித்துத் தூக்கி, இருக்கைக்குக் கூட்டி வந்தேன்.

பவானிபூரில் வங்காளிகளின் பழைய ஆலயம் ஒன்றை ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் தமிழ்ச் சபைக்கு விடுவார்கள். ரயில்வேக் குடும்பங்கள், சர்க்கார் உத்தியோகக்காரர்கள், செக்டர் ஃபைவ் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகள், எல்லாம் சேர்ந்து நூறு பேர் தேறும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. நூறு பேர் பார்க்க ஒருத்தியை விட்டுவிட்டுப் போவது என்றால் என்ன என்று, அங்கே முழங்காலில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது.

அவள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண், அப்போது முப்பத்தொரு வயது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் வாடகை ஃபிளாட்டில் இருந்தாள். எங்கள் சபை மூப்பரின் மருமகள் அவள். மூப்பர் என்றால் சும்மா இல்லை. சபைக்குக் கட்டடம் பிடித்துக் கொடுத்தவர், போதகரை ஊரிலிருந்து வரவழைத்தவர், அவர் எழுந்தால் கூட்டம் எழும். அவருடைய மகன் ஆராதனையில் கீபோர்டு வாசிப்பவன். அவன் அவளை அடிப்பான். இதை நான் அரசல்புரசலாகக் கேட்டதில்லை, அவள் வாயாலேயே கேட்டேன். கடைசித் தடவை அவள் கை இருக்கும்போதே அலமாரிக் கதவை இழுத்துச் சாத்தியிருக்கிறான். அந்த விரல் அதோடு போச்சு. அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அம்மா வீட்டுக்குப் போனாள். ஆறு வயது மகளைப் பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டிக்கொள்ளலாம் என்று போய் நின்றால், தாத்தா அதற்கு முன்னாலேயே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து பிள்ளையைக் கண்ணில் காட்டவில்லை. வீட்டுக்குப் போனால் கதவு திறப்பதில்லை. பள்ளிக்கூடமும் மாற்றியாச்சு, எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் திருவிருந்துக்கு வந்தது வீம்புக்கு இல்லை. பிள்ளையைப் பிரிந்த பொம்பளைக்கு வேறு எங்கே போய் முழங்கால் போடத் தோன்றும்? அங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது என்னைப் பற்றி. எனக்கு வாய் ஜாஸ்தி. நாசரேத் பக்கத்துக்காரி, கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாக டாக்குரியாவில் குடித்தனம். மத்திய சர்க்கார் ஆபீஸில் ஸ்டெனோ. பெண்கள் காணிக்கைப் பை எடுக்கலாமா கூடாதா என்று இந்தச் சபையில் இரண்டு வருஷம் சண்டை போட்டு, எடுக்கலாம் என்று ஆக்கியவள் நான். பெண்கள் வேதபாடம் வாசிக்கலாம் என்பதும் என் சண்டைதான். கடைசியில் கமிட்டியிலும் ஒரு பொம்பளை வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்தேன். ஒன்பது ஆண்கள், நான் ஒருத்தி. போன வேகத்திலேயே கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புத்தகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஏன் என்றால், மற்றவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், பெங்காலி இன்னும் நன்றாக வரும், தமிழ் எழுத மட்டும் வராது. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை வேறு.

அன்று ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. நான் வெடுக்கென்று கேட்டேன்.

"ஐயா, யார் சொல்லி அந்தப் பிள்ளையத் தாண்டிப் போனீங்க?"

போதகர் மூப்பரைப் பார்த்தார். நல்ல மனுஷன் அவர், ஆனால் முதுகெலும்பைத் தேடத்தான் வேண்டும். மூப்பர் நிதானமாகப் பதில் சொன்னார்.

"பலிபீடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி மனஸ்தாபத்தத் தீர்த்துட்டு வரணும்னு வசனம் இருக்கா இல்லியா, சொல்லுங்கம்மா. புருஷனோட பகை வச்சிக்கிட்டு எப்படிக் கை நீட்டலாம்? எனக்கு மட்டும் வருத்தமில்லியா? என் வீட்டுப் பிள்ளதானே?"

எட்டுத் தலை ஆடியது. நான் வாயைத் திறக்கும் முன்னே அவரே வழியும் சொன்னார். ஒரு ஒப்புரவுக் கடிதம், அதாவது சமாதானமாகப் போவதாக எழுதித் தருவது. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த மாதம் திருவிருந்து உண்டு. அதோடு, வரும் ஞாயிறு முதல் பேத்தியைத் தானே ஆலயத்துக்குக் கூட்டிவருவதாகவும், தாயும் பிள்ளையும் ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் சேர்ந்து இருக்கலாம் என்றும் சொன்னார்.

பிள்ளையைப் பார்க்கலாம்! அதைக் கேட்டதும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோச்சு. பேனாவை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முப்பது வருஷமாக அதிகாரிகள் சொல்வதைக் கை எழுதும், மனசு எங்கேயோ இருக்கும். அன்று அப்படியும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்துதான் எழுதினேன். தகுந்த காரணம் ஏதுமின்றி, சொந்த விருப்பத்தின் பேரில், கணவருடைய வீட்டையும் குழந்தையையும் விட்டுப் பிரிந்து சென்றதாக. கணவர் ஒருபோதும் கை ஓங்கியதில்லை என்று. கோபத்தில் சொன்ன குற்றச்சாட்டுகளை மீட்டுக்கொள்வதாக. குழந்தை தகப்பன் வீட்டில் வளர்வதே அதற்கு நலம் என்று ஒப்புக்கொள்வதாக.

அந்தக் கடைசி வரியில் என் கை நின்றது. "இது வேணுமா?" என்று கேட்டேன்.

"சபைக்குள்ளேயே பூட்டி வைக்கிற காகிதம்மா. என் மகன் மனசு இளகணுமில்லியா? அவனுக்காகத்தான் அப்படிப் போடுறோம்."

"சரி, இங்கிலீஷ்ல எழுதிருவோமே, அந்தப் பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராதே?"

"நம்ம சபைப் பதிவெல்லாம் தமிழ்லதான். நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. பொம்பளைக்குப் பொம்பளை பேசினா எடுபடும்."

பொம்பளைக்குப் பொம்பளை. இதற்காகத்தானே உன்னைக் கமிட்டியில் வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல் சொன்னார். வாயாடி என்று பேர் வாங்கியவள், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு எழுந்து போனேன்.

அவள் ஆலயத்தின் பக்கவாட்டு நடையில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, விஷயத்தைச் சொன்னேன். வரும் ஞாயிறே பிள்ளையைப் பார்க்கலாம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெரித்தே விட்டாள் என்று சொல்ல வேண்டும்.

"நெஜமாவா ஆன்ட்டி? நெஜமா கூட்டிட்டு வருவாங்களா?"

"வருவாங்க. ஒரு கையெழுத்துப் போடணும்."

"என்ன எழுதியிருக்கு? வாசிங்க."

காகிதத்தை விரித்தேன். முதல் வரியைப் பார்த்தேன். அதை அப்படியே வாசித்தால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள், அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். போடாவிட்டால் பிள்ளை இல்லை. உள்ளே ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள். இதைக்கூட முடிக்கத் தெரியவில்லையே, இதற்குத்தான் பொம்பளை வேண்டாம் என்றோம் என்பார்கள். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் மனசில் ஓடியது. ஓடி முடிவதற்குள் என் வாய் வாசிக்க ஆரம்பித்துவிட்டது.

"எங்களுக்குள் மனவருத்தம் உண்டாகி நான் என் தாயார் வீட்டில் இருக்கிறேன். சமாதானமாய்ப் பேச எனக்குச் சம்மதம். அதுவரைக்கும் ஞாயிறுதோறும் என் பிள்ளையைப் பார்க்க விரும்புகிறேன். சபையார் எங்களுக்காக ஜெபிக்க வேண்டும்."

காகிதத்தில் இல்லாததை, காகிதத்தைப் பார்த்து, விரலை வரி வரியாக நகர்த்தி வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் அதே குரல்.

அவள் கெட்டிக்காரி. குனிந்து காகிதத்தைப் பார்த்தாள். பக்கம் முழுக்க எழுத்து. "இவ்ளோ பெருசா எழுதியிருக்கு, இவ்ளோதானா ஆன்ட்டி?"

"எழுத்துத் தமிழ் அப்படித்தான்மா, வளவளன்னு இருக்கும்" என்றேன்.

அடிப் பாவி! இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது. முன்னால் வாசித்ததையாவது இரக்கத்தில் வந்த பொய் என்று சொல்லி ஆறுதல் தேடலாம். இந்த ஒரு வாக்கியத்துக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. வாசிக்கத் தெரியாத ஒருத்தி சரியாகச் சந்தேகப்பட்டாள், தெரிந்தவள் அந்தச் சந்தேகத்தை மூடிவிட்டேன். அவள் சிரித்தபடி இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டாள்.

மூப்பர் சொன்னபடி அடுத்த ஞாயிறு பேத்தியைக் கூட்டிவந்தார். அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்ததும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, "நீ ஏன் என்னைய விட்டுட்டுப் போயிட்ட?" என்று பெங்காலியில் கேட்டது. அவள் மண்டியிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு என்னென்னமோ சொன்னாள். பார்த்துக்கொண்டு நின்ற நான், நல்ல காரியம் செய்தோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இரண்டு ஞாயிறு இப்படி நடந்தது. மூன்றாவது ஞாயிறு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். நான்காவது ஞாயிறு பரீட்சை என்றார். அடுத்த மாதம் திருவிருந்தில் அவள் கையில் அப்பம் வைத்தார்கள், பிள்ளை வரவில்லை. இதற்கிடையில் அவள் வக்கீலைப் பார்த்து, அவன் அடித்ததற்கும் பிள்ளையைத் தன்னிடம் ஒப்படைக்கவும் சேர்த்துக் கோர்ட்டில் மனு போட்டிருந்தாள். எனக்கு அதுகூடத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலையில் கொட்டுகிற மழையில் என் வீட்டுக்கு வந்தாள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள், முட்டிவரை நனைந்திருந்தது. துண்டு கொடுத்தேன், வாங்கவில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"கோர்ட்ல அவங்க சைடு ஒரு லெட்டர் குடுத்திருக்காங்க. என் கையெழுத்து இருக்கு. என் லாயர் இங்கிலீஷ்ல மாத்தி வாங்கினாங்க. நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க."

வாசித்தாள். ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. இங்கிலீஷில் அது இன்னும் அசிங்கமாக இருந்தது. குழந்தை தகப்பன் வீட்டில் வளர்வதே நலம் என்ற வரியை இரண்டு தடவை வாசித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. என் வீட்டுக்காரர்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.

"நான் உங்கள ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும் ஆன்ட்டி. அன்னைக்கு இதுல இதுதான் இருந்துச்சா? இல்ல, அப்புறமா வேற காகிதம் மாத்திட்டாங்களா?"

அவள் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தாள். மாற்றிவிட்டார்கள் என்று சொன்னால் போதும், பழி முழுக்க மூப்பர் தலையில் விழும், நான் நல்லவளாகவே இருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு விநாடி அந்தக் கதவைப் பார்த்தேன்.

"மாத்தலம்மா. இதுதான் இருந்துச்சு. எழுதினதும் நான்தான்."

அவள் கத்தவில்லை. அழவில்லை. "நான் கேட்டேனே" என்றாள். "இவ்ளோதானான்னு கேட்டேனே ஆன்ட்டி." அவ்வளவுதான். மழை விடாமல் பெய்துகொண்டிருக்க இறங்கிப் போனாள். குடை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிய என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே போதகர் வீட்டுக்குப் போனேன். சபைக்குள் பூட்டி வைத்த காகிதம் கோர்ட்டுக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். மூப்பர் ஒரு நகல் கேட்டார், கொடுத்தேன் என்றார். முகம் வெளுத்திருந்தது. சபை உடைந்துவிடும், கொஞ்சம் பொறுத்துப் போங்கள், இரண்டு பக்கமும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று பூசி மெழுகினார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அந்த வசனத்த மறுபடியும் எடுத்து வாசிங்க ஐயா. நமக்கு யார்மேல பகைன்னு அதுல கேக்கல. நம்ம மேல யாருக்குக் குறைன்னுதான் கேக்குது. விரல ஒடிச்சவன் மேல அவளுக்குக் குறை. அப்போ காணிக்கைய அங்கனயே வச்சிட்டு எந்திரிச்சுப் போகவேண்டியது யாரு? கீபோர்டு வாசிக்கிறானே, அவன். அவன நீங்க ஒரு ஞாயிறாவது தாண்டிப் போனீங்களா?"

சொல்லிவிட்டு வெளியே வந்தபோதுதான் உறைத்தது. இந்த வசனம் கமிட்டி நடந்த அன்றும் எனக்குத் தெரியும். சின்ன வயசில் மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள் நான். அன்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நாற்காலியில் உட்கார அத்தனை சண்டை போட்டவள், உட்கார்ந்த பிறகு அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்திருக்கிறேன்.

அவளுடைய வக்கீல், ஒரு வங்காளிப் பெண், எனக்கு ஃபோன் செய்தாள். நடந்ததைக் கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். சரி என்றேன். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உனக்கு எதுக்கு இந்த வேலை? ரெண்டு பக்கமும் அடி வாங்கப்போற" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு நாள் கழித்து மூப்பரே வீட்டுக்கு வந்தார். சோபாவில் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, என் பிள்ளைகளின் சௌக்கியம் விசாரித்தார். அப்புறம் மெல்ல ஆரம்பித்தார்.

"கூண்டுல ஏறி என்ன சொல்லப்போறீங்க? எழுதுனது ஒண்ணு, வாசிச்சது ஒண்ணுன்னா? அப்போ பொய் சொன்னது யாரு? நான் ஒரு பொய்யும் சொல்லலியே. வாசிச்சுச் சொல்லுங்கன்னுதானே சொன்னேன். நீங்க ஒழுங்கா வாசிச்சிருந்தா அவ போட்டிருக்க மாட்டா. யோசிச்சிக்கிடுங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகு இல்லையே! அந்தக் குடும்பத்துக் கொடுமைக்கு என் பொய்தான் சாவியாக இருந்திருக்கிறது. அவர் போன பிறகு முழங்காலில் விழுந்தேன். எப்போதும் போல அழகாக ஜெபம் வரவில்லை. "ஆண்டவரே, பயமா இருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அந்த ஞாயிறு என்னோடு யாரும் பேசவில்லை. ஸ்தோத்திரம் சொன்னால் பதில் ஸ்தோத்திரம் வரும், முகம் வராது. என் பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலி. பெண்கள் வேதபாடம் வாசிக்கலாம் என்று என்னோடு சேர்ந்து சண்டை போட்டவளே, "வீட்டு விஷயத்த வீதிக்குக் கொண்டு போறீங்களேக்கா" என்றாள். மினிட் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். கொடுத்துவிட்டேன்.

கோர்ட் நாள் வந்தது. சின்ன அறை. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. மாஜிஸ்திரேட் என் வயசு அம்மாள். ஒரு பக்கம் மூப்பரும் மகனும், மறுபக்கம் அவளும் அவள் அம்மாவும். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். காகிதத்தில் இருந்தது இது, நான் வாசித்தது இது, இவ்வளவுதானா என்று அவள் கேட்டாள், நான் இப்படிச் சொன்னேன். பெங்காலியில் சொல்ல ஆரம்பித்து, நாக்கு ஒட்டிக்கொள்ள, இங்கிலீஷுக்கு மாறினேன்.

"ஏன் மாற்றி வாசித்தீர்கள்?" என்று அவளுடைய வக்கீல் கேட்டாள்.

பதிலை வீட்டிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். அந்தத் தாய் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்ற இரக்கத்தால். வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். இன்னும் ஒரு தடவை எனக்கு மாற்றி வாசிக்கப்போகிறாயா என்று கேட்பதாகத்தான் எனக்குப் பட்டது.

"பயத்துல" என்றேன் தமிழில். பிறகு இங்கிலீஷில் சொன்னேன். "இரக்கமும் இருந்தது. ஆனால் பயம்தான் அதிகம். ஒன்பது பேர் என்னைத் திறமையில்லாதவள் என்று சொல்லிவிடுவார்கள் என்று பயம்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயசானவர், குரல் மெல்லிசு, சிரித்த முகம்.

"நீங்கள் பக்தியுள்ள கிறிஸ்தவர், இல்லையா?"

"ஆமா."

"ஆலய வளாகத்தில் உட்கார்ந்து, உங்களை நம்பிய பெண்ணிடம், கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பொய் சொன்னீர்கள். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"கோயிலிலேயே பொய் சொன்னவர், கோர்ட்டில் உண்மை சொல்வீர்கள் என்று நாங்கள் எப்படி நம்புவது?"

மூப்பர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குப் பொய் சொன்னதுல எனக்கு எல்லாம் கெடச்சுது" என்றேன். "கமிட்டி, மரியாதை, நல்ல பேரு. இன்னைக்கு இதைச் சொல்றதுக்காக எல்லாத்தையும் குடுத்துட்டு வந்திருக்கேன். என் பக்கத்துல உட்கார ஆள் கெடயாது. எது நெஜம்னு நீங்களே பார்த்துக்கிடுங்க."

எந்த மொழியில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. மூன்றும் கலந்திருக்கும். மாஜிஸ்திரேட் அவளிடம், தமிழ் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அவளுடைய வக்கீல் கொண்டுவந்திருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் வாங்கி, முதல் எழுத்தில் விரலை வைத்து, கூசிப்போய் நின்றாள். முப்பத்தொரு வயசுப் பெண், நாலு பேர் முன்னால். அந்தக் கூச்சத்துக்கும் நான்தான் காரணம்.

கடிதத்தைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார் மாஜிஸ்திரேட். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தார், எக்ஸ்ரேயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வழக்கு முடியும்வரை பிள்ளை தாயிடம் இருக்கட்டும், இன்று பள்ளிக்கூடம் விட்டதும் தாயே போய்க் கூட்டிக்கொள்ளலாம், பள்ளிக்கூடத்தின் பேரை இப்போதே எழுதிக் கொடுங்கள் என்றார். மூப்பரின் மகன் எழுதிக் கொடுத்தான். அவள் அம்மா சத்தம் போட்டு அழுதாள். இவள் அழவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

வெளியே நடையில் அவளுக்காக நின்றேன். வரும்போதே தெரிந்தது, அவசரத்தில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் விட இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றாள். சொல்ல எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"என்னைய மன்னிச்சிரும்மா."

அந்தப் பக்கம் கடந்துபோன மூப்பர் குடும்பத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கல்யாணமான நாள்லருந்து எல்லாரும் என்கிட்ட அதத்தான் சொன்னாங்க ஆன்ட்டி. மன்னிச்சிரு, மன்னிச்சிரு, சீக்கிரம் மன்னிச்சிரு. கை வீங்கியிருக்கும்போதே மன்னிச்சேன். கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே மன்னிச்சேன்." மூச்சை இழுத்துவிட்டாள். "உங்களையாவது நான் மெதுவா மன்னிச்சுக்கிறேனே."

"சரிம்மா" என்றேன்.

ஓடிவந்த டாக்ஸியைக் கை காட்டி நிறுத்தி, அம்மாவை ஏற்றி, தானும் ஏறினாள். டிரைவரிடம் பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்லி, சீக்கிரம் போங்கண்ணா, என் பொண்ணு காத்துக்கிட்டிருப்பா என்று பெங்காலியில் சொன்னது எனக்குக் கேட்டது.